கெட்டது கல்லீரல்... டெஸ்ட் எடுப்பது இதயத்துக்கா? கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு முன் உடம்பு முழுக்கப் பரிசோதிப்பது ஏன்?

"கல்லீரல் மாற்று ஆபரேஷன்தான் ஒரே வழி" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள்தான் ஓடும். யார் கல்லீரல் கொடுப்பது? காசுக்கு எங்கே போவது? ஆனால் மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்வி இது இரண்டுமே இல்லை. "இந்த உடம்பு இந்த ஆபரேஷனைத் தாங்குமா?" என்பதுதான் அது.

அதற்கு விடை தேடத்தான் நோயாளியை இதய டாக்டர், நுரையீரல் டாக்டர், சிறுநீரக டாக்டர், பல் டாக்டர், மனநல டாக்டர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வைக்கிறார்கள். தொண்டாமுத்தூரிலிருந்து கோவைக்கு ஒரு வாரம், பத்து நாள் பஸ்ஸில் போய்வரும் குடும்பத்துக்கு இது வீண் அலைச்சலாகத் தெரியலாம். "கெட்டது கல்லீரலுங்க, பல்லை எதுக்குங்க பாக்கோணும்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. காரணம் தெரிந்தால் அந்த அலைச்சலின் பாரம் கொஞ்சம் குறையும்.

ஸ்கோர் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

கல்லீரல் நோயாளிகளின் ரிப்போர்ட்டில் 'மெல்ட் ஸ்கோர்' என்று ஒன்று இருக்கும். 6-ல் தொடங்கி 40 வரை போகும். எண் கூடக்கூட, மாற்று சிகிச்சை இல்லாமல் அடுத்த மூன்று மாதத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று அர்த்தம். பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர், கிரியேட்டினின் ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. பிறகு சோடியத்தையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 2002 முதல், யாருக்கு முதலில் கல்லீரல் என்பதை முடிவு செய்ய இந்த ஸ்கோரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நோயாளிக்கு ஆபரேஷன் எவ்வளவு அவசரம் என்பதை இந்த எண் சொல்லும். ஆபரேஷனை அவர் தாங்குவாரா என்பதைச் சொல்லாது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா, நுரையீரல் எப்படி, சுகர் எத்தனை வருஷம், நடக்கத் தெம்பு இருக்கிறதா... இதில் எதுவுமே அந்தக் கணக்கில் இல்லை. ஒரே ஸ்கோர் உள்ள இரண்டு பேரில் ஒருவர் மூன்று வாரத்தில் வீடு திரும்பலாம், இன்னொருவர் ஐ.சி.யூ.வை விட்டே வராமல் போகலாம். அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் மற்ற பரிசோதனைகள்.

'பிபி சரியாயிடுச்சு' என்று நம்ப வைக்கும் கல்லீரல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தொண்டாமுத்தூர் பக்கம் 55 வயது தென்னை விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாக பிபி மாத்திரை. கொஞ்ச நாளாக பிபி தானாகவே குறைகிறது. மாத்திரையை நிறுத்தியும் ஏறவில்லை. "பிபி சரியாயிடுச்சுங்க" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறேழு மாதம் கழித்து கால் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோர்க்கிறது. ஸ்கேன் எடுத்தால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கி இறுகிப்போன நிலை.

பிபி சரியாகவில்லை. சிரோசிஸ் முற்றும்போது உடம்பின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. குழாய் விரிந்தால் அழுத்தம் குறையத்தானே செய்யும்? பழைய ரத்தக் கொதிப்பு அடியில் அப்படியேதான் இருக்கிறது. புதுக் கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் குழாய்கள் பழைய இறுக்கத்துக்குத் திரும்பும். போதாக்குறைக்கு, புது உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு மாத்திரைகளும் பிபியை ஏற்றும். மறைந்திருந்த நோய் மறுபடி தலைதூக்கும்.

சுகரிலும் இதே கதைதான். சர்க்கரையைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடுவிப்பது கல்லீரலின் வேலை. அது படுத்துவிட்டால், சாப்பாடும் குறைந்துவிட்டால், பல வருஷ சுகர் நோயாளிக்கும் சர்க்கரை அளவு இறங்கும். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ1சி டெஸ்டையும் இங்கே முழுசாக நம்ப முடியாது. சிரோசிஸில் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிவதால், அந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம்.

கிரியேட்டினினும் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது. கல்லீரல் நோயாளிக்குத் தசையே கரைந்துபோயிருப்பதால், சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரக்கூடும். எடை மட்டும் விதிவிலக்கா? வயிற்றில் பத்து லிட்டர் நீர் சேர்ந்தவர் எடைமெஷினில் ஏறினால் நல்ல வாட்டசாட்டமாகத்தான் தெரிவார். நீரை எடுத்த பிறகுதான் எலும்பும் தோலுமாக இருப்பது தெரியும்.

ஆக, இன்றைய ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் டாக்டரே ஏமாறலாம். அதனால்தான் "ஐந்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஃபைல் இருக்கா?" என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். நம் வீடுகளில் பழைய மருந்துச் சீட்டு பெரும்பாலும் தீபாவளிக்குச் சுத்தம் பண்ணும்போது குப்பைக்குப் போய்விடுகிறது என்பதுதான் சிக்கல்.

இதயம்: ஆபரேஷனின் நடுவே வரும் அந்தச் சில நிமிடங்கள்

கல்லீரல் மாற்று பல மணி நேரம் நடக்கும் ஆபரேஷன். அதில் மிக ஆபத்தான கட்டம், புதுக் கல்லீரலைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைத் திறந்துவிடும் நேரம். ஐஸில் வைத்திருந்த உறுப்பிலிருந்து குளிர்ந்த, பொட்டாசியமும் அமிலமும் கூடிய ரத்தம் நேராக இதயத்துக்குப் போகும். பிபி சட்டென்று சரியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நல்ல இதயம் சமாளித்து எழும். அடைப்புள்ள இதயம்?

ஈ.சி.ஜி., எக்கோ எல்லோருக்கும் உண்டு. சுகர், பிபி, புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு, வயது என்று ஆபத்து கூடியவர்களுக்கு அடுத்த கட்டம். இங்கேயும் ஒரு சிக்கல். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றால், வயிற்றில் நீரோடு இருப்பவர் மாடிப்படி ஏறவே திணறுவார். அதனால் மருந்து செலுத்தி இதயத்தை வேகப்படுத்திப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ செய்வார்கள். உணவுக்குழாய் ரத்தக்கசிவைத் தடுக்க நிறைய கல்லீரல் நோயாளிகள் புரோப்ரனலால், கார்வெடிலால் மாதிரி மாத்திரை எடுப்பார்கள். அது இதயத் துடிப்பை அடக்கி வைப்பதால் இந்த டெஸ்டிலும் சரியான விடை கிடைக்காமல் போகலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் சி.டி. ஆஞ்சியோ, அல்லது நேரடி ஆஞ்சியோகிராம்.

அடைப்பு தெரிந்தால் ஸ்டென்ட் வைத்துவிட்டு அடுத்த வாரமே ஆபரேஷன் என்று போக முடியாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைக் குறிப்பிட்ட காலம் விடாமல் சாப்பிட வேண்டும். கல்லீரல் நோயாளிக்கோ பிளேட்லெட் ஏற்கனவே குறைவு, ரத்தக்கசிவு பயம் வேறு. எதை முதலில், எவ்வளவு இடைவெளியில் என்பதை இதய டாக்டரும் கல்லீரல் சர்ஜனும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

நுரையீரல்: ஒன்று தடை, இன்னொன்று அவசரம்

கல்லீரல் நோயால் நுரையீரலில் இரண்டு விதப் பாதிப்பு வரும். இரண்டிலும் மூச்சு வாங்கும். ஆனால் இரண்டுக்கும் முடிவு நேர் எதிர்.

முதலாவதில், நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இறுகி அங்கே அழுத்தம் ஏறிவிடும். எக்கோவில் சந்தேகம் வந்தால், இதயத்தின் வலது பக்கம் மெல்லிய குழாயை விட்டு அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். சராசரி அழுத்தம் 35-ஐத் தாண்டினால் முதலில் மருந்து கொடுத்துக் குறைக்க வேண்டும். 50-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலான மையங்கள் ஆபரேஷனுக்குத் துணிவதில்லை. மேஜையிலேயே இதயம் நின்றுபோகும் ஆபத்து அவ்வளவு அதிகம்.

இரண்டாவதில், நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்துபோய், ரத்தம் ஆக்சிஜனைச் சரியாக எடுக்காமலே கடந்துவிடும். இவர்களில் சிலருக்கு விசித்திரமான அறிகுறி: படுத்தால் மூச்சு நன்றாக இருக்கும், எழுந்து நின்றால் திணறும். கண்டுபிடிக்கும் முறையும் சுவாரஸ்யமானதுதான். உப்புக் கரைசலைக் குலுக்கி நுண்குமிழி உண்டாக்கி நரம்பில் செலுத்துவார்கள். சாதாரணமாக நுரையீரல் அந்தக் குமிழிகளை வடிகட்டிவிடும். மூன்று, நான்கு துடிப்புக்குப் பிறகு இதயத்தின் இடது பக்கத்தில் குமிழி தெரிந்தால் நுண்குழாய்கள் விரிந்திருக்கின்றன என்று அர்த்தம். இதற்கு உருப்படியான மருந்து கிடையாது. புதுக் கல்லீரல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதாவது இங்கே நுரையீரல் நோயே சீக்கிரம் ஆபரேஷன் செய்யக் காரணமாகிறது.

மூச்சு வாங்குவதை "வயித்துல தண்ணி, அதான்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

சிறுநீரகம்: தமிழ்நாடு பார்த்த இரண்டு வழக்குகள்

மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்கை ஞாபகம் இருக்கலாம். மத்திய அமைச்சராக இருந்தபோது கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, சென்னை குளோபல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மாற்று உறுப்புகளுக்காகக் காத்திருந்த நிலையில், 2012 ஆகஸ்ட் 14 அன்று 67 வயதில் உயிரிழந்தார். 2017 அக்டோபரில் சசிகலாவின் கணவர் ம.நடராஜனுக்குச் சென்னையில் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றப்பட்டன. உறுப்பு ஒதுக்கீடு பற்றி அப்போது அரசியல் சர்ச்சையும் எழுந்தது. 2018 மார்ச் 20 அன்று அவர் காலமானார்.

இரண்டு உறுப்பும் கெட்டால் இரண்டையும் மாற்றினால் போச்சு என்று தோன்றும். அது அவ்வளவு லேசான முடிவு இல்லை. கல்லீரல் கெட்டதாலேயே சிறுநீரகம் 'மயங்கி' நிற்கும் ஒரு நிலை உண்டு. அப்போது சிறுநீரகத்தில் நேரடியான கோளாறு எதுவும் இருக்காது, புதுக் கல்லீரல் வந்தால் அதுவும் விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் பல வருஷ சுகரால், பிபியால் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துபோன சிறுநீரகம் திரும்பாது.

தவறாகக் கணித்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். தானாகத் தேறக்கூடியவருக்குச் சிறுநீரகத்தையும் மாற்றினால், டயாலிசிஸில் காத்திருக்கும் இன்னொருவரின் சிறுநீரகம் வீணாகிறது. தேறாதவருக்குக் கல்லீரலை மட்டும் மாற்றினால் மீதி வாழ்க்கை டயாலிசிஸில் போகும். அமெரிக்க விதிகளில், திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தவர் தொடர்ந்து ஆறு வாரம் டயாலிசிஸில் இருந்தால் இரண்டு உறுப்புக்கும் தகுதி என்பது போன்ற அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா, கண் விழித்திரையில் சுகர் பாதிப்பு உண்டா என்பதெல்லாம் பழைய நோய்க்கான தடயங்கள். இங்கேயும் பழைய ஃபைலில் இருக்கும் கிரியேட்டினின் எண்தான் பல நேரம் குழப்பத்தைத் தீர்க்கும்.

கைப்பிடி, நாற்காலி, சாப்பாடு

செலவே இல்லாத ஒரு டெஸ்ட் இருக்கிறது. கைகளை மடித்து வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வார்கள். கைப்பிடி வலுவை ஒரு கருவியில் அளப்பார்கள். பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்துத் தள்ளாடுகிறாரா என்று பார்ப்பார்கள். இந்த மூன்றையும் வைத்து உடல் தளர்ச்சியைக் கணக்கிடலாம். தசை கரைந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் தொற்றும் சிக்கலும் கூடுதல். வயது 65 ஆகிவிட்டது என்பதைவிட நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்பதுதான் டாக்டர்களை அதிகம் கவலைப்பட வைக்கும்.

நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றாலே பத்தியம். பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், மோர் சோறு மட்டும். சிரோசிஸ் நோயாளிக்கு இது நேர் எதிரான வேலையைச் செய்யும். ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல். இராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிடவும் சொல்கிறார்கள். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் கல்லீரலில் சேமிப்பு இல்லாத உடம்பு தன் தசையையே எரிக்கத் தொடங்கிவிடும். குறைக்க வேண்டியது உப்பு.

பல், பாக்கு, வெறுங்கால்

இப்போது பல்லுக்கு வருவோம். ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைப்பார்கள். அப்போது சொத்தைப் பல்லில் இருக்கும் சின்னச் சீழ்கூட ரத்தம் முழுக்கப் பரவலாம். பழைய காசநோய்த் தழும்பு மறுபடி உயிர்பெறலாம். காசநோய் மருந்துகளில் சில கல்லீரலையே பாதிக்கும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம். ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. பரிசோதனைகளும் உண்டு. ஹெச்.ஐ.வி. இருந்தாலே மாற்று சிகிச்சை கிடையாது என்ற காலம் போய்விட்டது, கட்டுப்பாட்டில் இருந்தால் போதும். தேவையான தடுப்பூசிகளையும் இப்போதே போட்டுவிடுவார்கள்.

தோட்டத்து வேலை செய்கிறவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியாக உள்ளே போகும் 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்' என்ற புழு, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகிப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் மாத்திரையிலேயே தீர்ந்துவிடும்.

பாக்குத் தோப்பு நிறைந்த பகுதி இது. வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் வாயைத் திறந்து பார்த்தே தீருவார்கள். பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்த விஷயம். கல்லீரலுக்கு வெளியே கட்டுப்படாத புற்றுநோய் இருந்தால் மாற்று சிகிச்சை செய்ய முடியாது. கல்லீரலுக்குள்ளேயே கட்டி என்றால் வேறு கணக்கு: ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மாற்று சிகிச்சை நல்ல பலன் தரும் என்று 1996-ல் இத்தாலியின் மிலான் நகர டாக்டர்கள் காட்டினார்கள். அந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

குடியைப் பற்றிக் கேட்பது குற்றம் சாட்டவா?

இல்லை. மறுபடி குடித்தால் புதுக் கல்லீரலும் போகும் என்பதால் கேட்கிறார்கள். ஆறு மாதம் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று பல மையங்கள் சொல்வது பொதுவான வழக்கம். ஆனால் மருந்துக்கு அடங்காத கடும் பாதிப்பில் ஆறு மாதம் காத்திருக்க உயிரே இருக்காது. கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்குக் காத்திருக்காமல் செய்தபோது உயிர் பிழைப்பது வெகுவாகக் கூடியதை 2011-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டிய பிறகு, அந்த விதி தளர்ந்து வருகிறது. மனநல டாக்டர் நோயாளியோடு மட்டும் பேச மாட்டார். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேட்பார். மறைத்துப் பேசினால் பாதிக்கப்படுவது நோயாளிதான். கீழாநெல்லி முதல் லேகியம் வரை சாப்பிட்ட நாட்டு மருந்துகளையும் சொல்லிவிடுங்கள்.

கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வரும் உறவினருக்கும் இதே போலப் பரிசோதனை உண்டு. அவர் கல்லீரலில் கொழுப்பு இருந்தால் முதலில் எடை குறைக்கச் சொல்வார்கள். வெட்டி எடுத்த பிறகு அவருக்கு 30 சதவீதத்துக்கு மேல் கல்லீரல் மிஞ்ச வேண்டும். பரம்பரை நோய் என்றால், கொடுக்க வரும் அண்ணன் தம்பிக்கும் அதே குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'வேண்டாம்' என்றால் முடிந்ததா?

எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு டாக்டர்கள் குழு கூடி முடிவெடுக்கும். 'செய்யலாம்', 'முடியாது' தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு: 'இப்போது வேண்டாம்'. நிறையப் பேர் இதைக் கேட்டு மனசு உடைந்து, பிறகு மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கலாம், தொற்றை ஆற்றலாம், சத்துணவில் தசையைத் தேற்றலாம். இதற்கெல்லாம் தேவை கால அவகாசம். வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மனக்குழப்பம் என்று முதல் அறிகுறி வந்ததுமே மாற்று சிகிச்சை மையத்தில் காட்டினால் அந்த அவகாசம் கிடைக்கும். ஐ.சி.யூ.வில் சேர்த்த பிறகு வந்தால் கிடைக்காது. வைரஸ், விஷம், அளவுக்கு மீறிய மாத்திரையால் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவர்களுக்கு மட்டும் இந்தப் பரிசோதனைகளை ஓரிரு நாளில் சுருக்கி முடிப்பார்கள்.

கோவையில் சில பெரிய தனியார் மருத்துவமனைகளில் கல்லீரல் மாற்று செய்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் சென்னை ஸ்டான்லியிலும் செய்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று உண்டு. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளில் எதெது அதற்குள் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் நீங்களாகப் பதிய முடியாது. மருத்துவமனை வழியாகத்தான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவாகும். காத்திருப்பு நீண்டால் எக்கோ, ரத்தப் பரிசோதனைகளைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், போன வருஷ இதயம் இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாதே.

முதல் தடவை போகும்போது பழைய மருந்துச் சீட்டு, ஈ.சி.ஜி., ஸ்கேன், சுகர் நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை தருகிறார்கள் அல்லவா? அதில் மாத்திரை வாங்கியவர் என்றால் எந்த மாத்திரை, எந்த வருஷத்திலிருந்து என்ற விவரத்தை அந்தப் பணியாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையின் ஒரு போட்டோவை மொபைலில் எடுத்து வைத்தாலும் சரி.